சிண்ட்ரெல்லா கோட்டையில் ஒரு ரிசப்ஷன்

நம்ம ஊர்க் கல்யாணங்களில் ஒரு வேடிக்கை உண்டு. தாலி கட்டுவது மறுநாள் காலையில். ஆனா முந்தின நாள் சாயங்காலமே பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்னு, மொய்க்கவர் வாங்கி, போட்டோவுக்குச் சிரிச்சு, ரிசப்ஷனை முடிச்சிடறாங்க. சாஸ்திரப்படி பார்த்தாலும் சட்டப்படி பார்த்தாலும் அந்த ராத்திரி அவங்க இன்னும் தம்பதி இல்லை. ஆனா ஊரே வந்து சாப்பிட்டு வாழ்த்திட்டுப் போயிடுச்சு!

அமெரிக்காவின் டிஸ்னி தீம் பார்க்குகளில் தன்பாலின ஜோடிகள் கல்யாணம் பண்ணிக்கொண்ட கதையைக் கொஞ்ச நாளாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க இந்த முந்தின நாள் ரிசப்ஷன்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும், முக்கியமா ஃபுளோரிடாவில், ரிசப்ஷன் முதலில், முகூர்த்தம் அப்புறம். என்ன, நடுவில் இருந்தது ஒரு ராத்திரி இல்லை. ஏழே முக்கால் வருஷம்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். தீம் பார்க்கில் போய் யாராவது கல்யாணம் பண்ணுவாங்களான்னு கேட்காதீங்க. ஃபுளோரிடாவில் இருக்கிற வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1991லிருந்து இது ஒரு முழுநேர வியாபாரம். பேர் 'ஃபேரி டேல் வெட்டிங்ஸ்', அதாவது தேவதைக் கதைக் கல்யாணம். 1995ல் இதுக்காகவே ஒரு ஏரிக்கரையில் தனி மண்டபம் கட்டினாங்க. மேடைக்குப் பின்னாடி ஒரு ஜன்னல். அதன் வழியே தூரத்தில் சிண்ட்ரெல்லா கோட்டை தெரியும். பணம் கட்டினால் சிண்ட்ரெல்லாவின் கண்ணாடிக் கோச்சு வண்டி குதிரைகளோடு வரும். மிக்கியும் மின்னியும் கோட்டும் கவுனும் போட்டு ரிசப்ஷனுக்கு வந்து நிற்பாங்க. மண்டபம், கேக், பூ, பாட்டு, சாப்பாடு எல்லாத்துக்கும் அவங்களே ஆள் வச்சிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா 'ஏ டு இஸட் கான்ட்ராக்ட்'.

இப்போ ரிசப்ஷன் பிளான் பண்ணுகிற யாரிடமும் ஒரு லிஸ்ட் இருக்கும் இல்லையா? டான்ஸ், மண்டபம், டிரெஸ், ரிஜிஸ்ட்ரேஷன்... தன்பாலின ஜோடிகளுக்கு இந்த லிஸ்டில் ஒவ்வொரு வரியும் ஒரு தனிப் போராட்டமா இருந்திருக்கு. அதே வரிசையில் சொல்றேன்.

டான்ஸ்

கலிஃபோர்னியாவில் அனஹைம் ஊரில் டிஸ்னிலேண்ட் திறந்தது 1955ல். அதுக்கு 25 வருஷம் கழிச்சு, 1980 செப்டம்பர் 13, சனிக்கிழமை ராத்திரி. பார்க்குக்குள்ளே பாட்டுக் கச்சேரி, எல்லாரும் ஜோடி ஜோடியா ஆடிக்கிட்டிருக்காங்க. ரெண்டு பையன்களும் சேர்ந்து ஆட ஆரம்பிச்சாங்க. ஒருத்தருக்கு 19 வயசு, இன்னொருத்தருக்கு 17. செக்யூரிட்டி வந்தாங்க. இங்கே ஆணும் பெண்ணும்தான் சேர்ந்து ஆடலாம்னு சொல்லி, ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிட்டாங்க. அடிதடி இல்லை, கலாட்டா இல்லை. ஆடினாங்க, அவ்வளவுதான்.

பையன்கள் சும்மா விடலை. வழக்குப் போட்டாங்க. 1984 மே மாசம் ஜூரி அவங்க பக்கம் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி என்ன சொல்லிச்சு தெரியுமா? தீர்ப்பு இந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் பொருந்தும்னுட்டாங்க! அதாவது உலகத்திலேயே இந்த ரெண்டு பேர் மட்டும் டிஸ்னிலேண்டில் சேர்ந்து ஆடலாம். மூணாவது ஆள் ஆடணும்னா அவரும் கோர்ட்டுக்குப் போகணும். அடுத்த வருஷமே சத்தமில்லாமல் அந்த விதியை எடுத்துட்டாங்க என்பது வேற விஷயம். எடுத்த பிறகும் 1988ல் இதே மாதிரி இன்னொரு வழக்கு வந்தது. விதி போனாலும் அதைக் காவல் காத்த ஆள்களின் மனசிலிருந்து போக நாளாகும்தானே.

கல்யாண ரிசப்ஷனில் முதல் டான்ஸை மணமக்கள் ஆடுவது அங்கே ஒரு சம்பிரதாயம். அந்த ஒரு டான்ஸுக்கே இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

விருந்தாளிகள்

1991 ஜூன் 1ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஒரு காரியம் நடந்தது. தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்க எல்லாரும் ஒரே நாளில் டிஸ்னி வேர்ல்டுக்குப் போவோம், அடையாளத்துக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்குவோம்னு பேசி வச்சுக்கிட்டாங்க. சுமார் 3,000 பேர் வந்தாங்க. கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை. டிக்கெட் எடுத்து ராட்டினம் சுத்திட்டுப் போனாங்க. கம்பெனி இதை நடத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. 'கே டேஸ்' என்று வருஷா வருஷம் ஜூன் மாசம் நடக்கிற வழக்கமாவே அது மாறிடுச்சு.

1995ல் கம்பெனி தன் ஊழியர்களின் தன்பாலினத் துணைவர்களுக்கும் மருத்துவக் காப்பீடு உண்டுன்னு அறிவிச்சது. அமெரிக்காவின் பெரிய கிறிஸ்தவச் சபைகளில் ஒன்றான சதர்ன் பேப்டிஸ்ட் சபைக்குக் கோபம் வந்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் இருந்த சபை அது. காப்பீடு, கே டேஸ் எல்லாத்தையும் சேர்த்து 1997ல் டிஸ்னியைப் புறக்கணிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டாங்க. எட்டு வருஷம் கழிச்சு 2005ல் அவங்களே வாபஸ் வாங்கிட்டாங்க. அந்தப் புறக்கணிப்பால் பார்க் வாசலில் பெரிசா ஒண்ணும் கூட்டம் குறையலை.

மண்டபம்

ஆடலாம். டிக்கெட் எடுத்து வரலாம். ஆபீஸில் காப்பீடும் உண்டு. ஆனா கல்யாண மண்டபம்? அது மட்டும் கிடையாது.

கம்பெனி வச்சிருந்த காரணம் ரொம்பப் பக்குவமானது. தேவதைக் கதைப் பேக்கேஜ் வேணும்னா கலிஃபோர்னியாவோ ஃபுளோரிடாவோ கொடுத்த செல்லுபடியாகும் மேரேஜ் லைசென்ஸ் வேணும். ரெண்டு மாநிலத்திலும் தன்பாலின ஜோடிக்கு லைசென்ஸ் கிடையாது. அப்போ பேக்கேஜும் கிடையாது. "நாங்க மறுக்கலீங்க, சட்டம்தான் மறுக்குது" என்கிற ரகம். வேணும்னா டிஸ்னி ஹோட்டலில் மீட்டிங் ரூம் ஒண்ணை வாடகைக்கு எடுத்து நீங்களே சடங்கு வச்சுக்கலாம். ஆனா ஏரிக்கரை மண்டபம், கண்ணாடி வண்டி, ஜன்னல் வழியே கோட்டை, இதெல்லாம் மத்தவங்களுக்கு.

2007 ஏப்ரலில் இதை மாத்தினாங்க. இனி யார் வேணும்னாலும் பேக்கேஜ் வாங்கலாம், லைசென்ஸ் கேட்க மாட்டோம்னு அறிவிப்பு. விலை அப்போ 8,000 டாலரில் ஆரம்பம். சந்தோஷமான செய்திதான், மறுக்கலை. ஆனா கவனிங்க: ஜன்னல், கோட்டை, மிக்கி, கேக் எல்லாம் கிடைச்சது. கல்யாணம் கிடைக்கலை. அந்த மேடையிலிருந்து இறங்கி வந்தால் ஃபுளோரிடா அரசாங்கத்துக்கு அவங்க ரெண்டு பேரும் இன்னும் அந்நியர்கள்.

அந்நியர்கள்னா என்ன அர்த்தம்? இந்த அறிவிப்புக்கு ரெண்டே மாசம் முன்னாடி, 2007 பிப்ரவரியில், அதே ஃபுளோரிடாவில் நடந்ததைப் பாருங்க. வெளிமாநிலத்திலிருந்து ரெண்டு பெண்கள், 18 வருஷமாகச் சேர்ந்து வாழ்பவர்கள், பிள்ளைகளோடு மியாமிக்குக் கப்பல் பயணத்துக்கு வந்திருந்தாங்க. கப்பல் கிளம்பும் முன்னாடியே ஒருத்தர் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை இன்னொருத்தர் ஃபேக்ஸில் வரவழைத்துக் கொடுத்தார். அப்படியும் பல மணி நேரம் தன்னையும் பிள்ளைகளையும் உள்ளே விடவில்லை என்று பிறகு வழக்கில் சொன்னார். துணைவி பிழைக்கவில்லை. 2009ல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. உள்ளே விட்டே ஆகணும்னு ஆஸ்பத்திரியைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை என்பதுதான் அடிப்படை. 2010 ஏப்ரலில் அதிபர் ஒபாமா ஆஸ்பத்திரிகளில் துணைவர்களை அனுமதிக்க உத்தரவு போட்டபோது, அந்தப் பெண்ணுக்கு அவரே போன் பண்ணிப் பேசினார்.

ரிசப்ஷனுக்கும் கல்யாணத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மண்டபக்காரர் மனசு வச்சா மேடை கிடைக்கும். ஐ.சி.யூ. கதவு திறக்கச் சட்டம் வேணும்.

டிரெஸ்

ஜப்பானுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம். டோக்கியோ டிஸ்னி ரிசார்ட்டை நடத்துவது டிஸ்னி இல்லை, 'ஓரியண்டல் லேண்ட்' என்கிற ஜப்பானியக் கம்பெனி; டிஸ்னியிடம் உரிமம் வாங்கி நடத்துறாங்க. 2012ல் ஹிகாஷி கொயுகி, மசுஹாரா ஹிரோகோ என்ற ரெண்டு பெண்கள் இங்கே கல்யாணம் பண்ணிக்க முடியுமான்னு கேட்டாங்க. முதலில் வந்த பதில்: பண்ணிக்கலாம், ஆனா ஒருத்தர் கல்யாணக் கவுன், இன்னொருத்தர் கோட் சூட் போடணும். பார்க்கிறவங்களுக்கு ஆண், பெண் மாதிரி இருக்கணுமாம்! இதை அவங்க இணையத்தில் எழுதினதும் பேச்சு பரவியது. கம்பெனி மறுபடி விசாரிச்சுட்டு, எந்த டிரெஸ் வேணும்னாலும் போட்டுக்கோங்கன்னு சொன்னது. 2013 மார்ச் 1ஆம் தேதி டோக்கியோ டிஸ்னிசீயில் ரெண்டு பேரும் வெள்ளைக் கவுனில், மிக்கியும் மின்னியும் பக்கத்தில் நிற்க, விழா நடந்தது.

ஜப்பான் சட்டப்படி அது கல்யாணம் இல்லை. ஆனா 2015ல் டோக்கியோவின் ஷிபுயா வட்டாரம் தன்பாலின ஜோடிகளுக்குத் துணைவர் சான்றிதழ் கொடுக்க ஆரம்பிச்சபோது, நவம்பர் 5ஆம் தேதி முதல் சான்றிதழை வாங்கினவங்க இவங்கதான். 2017ல் பிரிஞ்சும் போனாங்க. அதனால என்ன? ஊரில் நடக்கிற மத்தக் கல்யாணங்கள் எல்லாம் நூறு வருஷமா ஓடுது? பிரியவும் உரிமை இருந்தாத்தான் அது முழுக் கல்யாணம்.

ரிஜிஸ்ட்ரேஷன்

திரும்ப அமெரிக்காவுக்கு வருவோம். லிஸ்டில் கடைசி வரி, கஷ்டமான வரி. கலிஃபோர்னியாவில் 2008 மே மாசம் மாநில உச்சநீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதிச்சது. ஜூனில் கல்யாணங்கள் ஆரம்பம். சுமார் 18,000 ஜோடிகள் பதிவு பண்ணிக்கிட்டாங்க. நவம்பர் 4ஆம் தேதி 'புரொபசிஷன் 8' என்ற வாக்கெடுப்பு, 52 சதவீத ஓட்டில் கதவைச் சாத்தியது. மறுபடி திறந்தது 2013 ஜூனில். அந்த 2008ல் டிஸ்னிலேண்டில் டிசம்பர் மாசத்துக்கு ஒரு ஜோடி அட்வான்ஸ் கொடுத்து புக் பண்ணியிருந்தால் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மண்டபம் இருக்கு, கேக் இருக்கு, கல்யாணம் மட்டும் ஓட்டுப்போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

அதே நாளில் ஃபுளோரிடாவும் கிட்டத்தட்ட 62 சதவீத ஓட்டில் தடையை மாநில அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது. அது உடைஞ்சு மாநிலம் முழுக்கக் கல்யாணங்கள் ஆரம்பிச்சது 2015 ஜனவரி 6ஆம் தேதி. 2007 ஏப்ரலிலிருந்து எண்ணிக்கோங்க, நான் சொன்ன ஏழே முக்கால் வருஷம் சரியா வரும். 2015 ஜூன் 26ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் நாடு முழுக்க அனுமதிச்சது.

இதைப் படிச்சுட்டு டிஸ்னி சட்டத்துக்கே முன்னோடின்னு சிலர் மாலை போடுவாங்க. நான் போட மாட்டேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் ஆடின பிறகு, கேட்ட பிறகு, எழுதின பிறகுதான் கதவு திறந்திருக்கு. 2022ல் பள்ளிகளில் தன்பாலின ஈர்ப்பு பற்றிப் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஃபுளோரிடாவில் வந்தபோது, கம்பெனி முதலில் வாயே திறக்கலை. சொந்த ஊழியர்களே வேலையை நிறுத்திட்டு வெளியே வந்து நின்னாங்க. கம்பெனியோட அன்பு வியாபாரத்தோட காற்றடிக்கிற பக்கம் சாயும். தப்புன்னு சொல்லலை, அதோட சுபாவம் அது. அதனாலதான் மண்டபம் கிடைச்சதோட நிறுத்திக்காம, ரிஜிஸ்தர் ஆபீஸ் வரைக்கும் அந்த மக்கள் நடந்தாங்க.

2023 ஜூன் மாசம் அனஹைம் டிஸ்னிலேண்டே முதல் தடவையாக 'பிரைட் நைட்' என்று அதிகாரபூர்வமாக ஒரு ராத்திரி விழா நடத்தியது. நிகழ்ச்சிகளில் டான்ஸும் உண்டு. யாரும் யாரையும் வெளியே அனுப்பலை.