தாடைப் பொருத்தம்: பூந்தமல்லி நெடுஞ்சாலை வரை வந்த ஒரு கைத்திறன்

பற்கள் இருக்கும்வரை கீழ்த்தாடை எந்த இடத்தில் வந்து மேல்தாடையோடு சேர வேண்டும் என்பதைப் பற்களே முடிவு செய்துவிடுகின்றன. அவை எல்லாம் விழுந்த பிறகு, காதுகளுக்கு முன்னால் உள்ள இரண்டு மூட்டுகளில் மட்டும் தொங்கும் அந்த எலும்பு எவ்வளவு தூரம் மூடலாம், முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்பதைச் சொல்வதற்கு வாயில் அடையாளம் எதுவும் மிஞ்சுவதில்லை. முழுப் பல்செட் செய்பவர் அந்த அடையாளத்தைத் தாமே மீண்டும் கண்டுபிடித்தாக வேண்டும். மேல்தாடைக்கும் மூட்டுக்கும் உள்ள உறவு, இரு தாடைகளுக்கும் இடையிலுள்ள உயரம், கீழ்த்தாடையின் முன்பின் நிலை ஆகிய மூன்றையும் வரையறுக்கும் இந்த வேலையைச் சென்னையின் மேற்குப் புறநகர்க் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் ‘ஜா ரிலேஷன்’ என்றே சொல்கிறார்கள். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுக் கால வரலாறு கொண்ட இந்த வேலையில் கருவிகளும் கோட்பாடுகளும் பலமுறை மாறியிருக்க, நோயாளியின் தாடையைப் பிடித்து வழிநடத்தும் கையின் வேலை மட்டும் பெரிதாக மாறவில்லை என்பதே அந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் பல் மருத்துவராக இருந்த ஃபிலிப் பஃபாஃப், 1756-இல் வெளியிட்ட நூலில், மெழுகில் தாடையின் அச்செடுத்து அதில் பாரிஸ் சாந்து ஊற்றி மாதிரி வார்க்கும் முறையையும், இரு தாடைகளும் சேரும் நிலையை மெழுகில் பதிவு செய்யும் முறையையும் விளக்கினார். ஆயினும் அக்காலப் பல்செட்டுகளில் மேல் தட்டும் கீழ்த் தட்டும் பக்கவாட்டிலிருந்த சுருள்விற்களால் இணைக்கப்பட்டு, விற்களின் அழுத்தத்தால் ஈறுகளோடு ஒட்டிக் கிடந்தமையால், கடி சற்றே பிசகினாலும் தட்டு கழன்று விழாது. எனவே துல்லியத்துக்கான தேவையும் குறைவாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கெட்டிப்படுத்திய ரப்பரான வல்கனைட் பயன்பாட்டுக்கு வந்து, ஈற்றின் வடிவத்துக்கு ஏற்ப வார்த்த தட்டு உறிஞ்சு விசையால் தானே நிற்கத் தொடங்கியபோது நிலைமை மாறியது. ஒரு பக்கம் மட்டும் முன்கூட்டிக் கடித்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதை மருத்துவரும் நோயாளியும் ஒருசேர அறிந்தனர். இந்த ரப்பருக்கான காப்புரிமைக் கட்டணத்தைக் கறாராக வசூலித்த நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கனை 1879-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டுக் கொன்றார் என்பது, அந்தப் பொருளை நம்பித் தொழில் எந்த அளவுக்கு நடந்தது என்பதற்குக் கொடூரமான சான்று.

துல்லியத்தின் தேவை பெருகவே, சாந்து மாதிரிகளை வாயைப் போலத் திறந்து மூட வைக்கும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற கருவி முக்கியத்துவம் பெற்றது. அமெரிக்கரான வில்லியம் பான்வில் 1858-இல் உருவாக்கிய ஆர்ட்டிகுலேட்டர், வலது மூட்டு, இடது மூட்டு, கீழ் முன்பற்களின் நடுப்புள்ளி ஆகிய மூன்றையும் இணைத்தால் பக்கத்துக்கு 4 அங்குலம் கொண்ட சமபக்க முக்கோணம் கிடைக்கும் என்ற அவருடைய கணக்கின்மீது அமைந்தது. எல்லா மனிதருக்கும் ஒரே முக்கோணம் என்பது இயற்கைக்கு ஒவ்வாத ஒழுங்குதான் என்றாலும், சராசரி அளவாக அது இன்றும் பிழைத்திருக்கிறது. சூரிச் நகரின் ஆல்ஃபிரெட் கைசி, தாடை பக்கவாட்டில் நகரும்போது வரையும் அம்புமுனை போன்ற கோட்டைப் பதிவு செய்து, அம்பின் நுனியையே தாடையின் மைய நிலையாகக் கொள்ளும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார். மேல்தாடைக்கும் மூட்டுக்கும் உள்ள தூரத்தை நோயாளியின் முகத்திலிருந்து எடுத்து அப்படியே கருவிக்கு மாற்றும் ஃபேஸ்போ என்ற வில் வடிவக் கருவியும், பஃபலோ நகரப் பொறியாளர் ருடால்ஃப் ஹனாவ் 1920களில் வடிவமைத்த ஆர்ட்டிகுலேட்டரும் இதே காலப் போக்கில் வந்தவை. ஹனாவின் பெயர் தாங்கிய கருவிகள் இந்தியக் கல்லூரிகளின் முதுநிலைத் துறைகளில் இன்றும் இடம்பெற்றுள்ளன.

சென்னையில் இந்தக் கருவிகளுக்கும் பல்செட் தேவைப்பட்டவர்களுக்கும் நெடுங்காலம் தொடர்பே இருக்கவில்லை. சீனத்தின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து ஈவ்னிங் பஜார் பகுதியில் கடை விரித்த குடும்பங்கள், தந்தையிடமிருந்து மகன் கற்ற கைப்பழக்கத்தால் பல்செட் செய்துகொடுத்தன. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்களை ‘ஏ’ பிரிவிலும், பட்டம் இல்லாமல் குறைந்தது 5 ஆண்டுகள் இத்தொழிலையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தவர்களை ‘பி’ பிரிவிலும் பதிவு செய்ய வகைசெய்து, பரம்பரைத் தொழிலாளர் என்ற வகைக்குச் சட்டத்தின் நிழலில் ஓர் இடம் தந்தது. அந்த இடத்துக்குப் புதிய வாரிசுகள் வர வழியில்லாமலும் செய்தது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கிய பின்னரே, தாடைப் பொருத்தம் பாடமாகக் கற்பிக்கப்படும் ஒன்றாயிற்று. அந்தப் பிரிவே பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது; 1980-இல் சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தோன்றும்வரை மாநிலத்தில் இதற்கு இணையான இன்னொரு கல்லூரி கிடையாது.

இதற்கிடையே நகரின் மேற்கு எல்லை விரிந்துகொண்டிருந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் உருவாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ரயில் பாதையின் இருமருங்கிலும் குடியேறின. பூந்தமல்லி பழைய ராணுவக் குடியிருப்பாகவும் சாலை ஊராகவும் இருந்து புறநகராக மாறியது. இவ்வூர்களில் பல்செட் வேண்டியவர் சென்ட்ரல் பகுதிக்குப் போய், அரசுக் கல்லூரியிலோ ஈவ்னிங் பஜாரிலோ காத்திருப்பதே வழக்கமாக இருந்தது. 1988-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கியதும், தொடர்ந்து மதுரவாயலை அடுத்த ஆலப்பாக்கத்தில் மீனாட்சி அம்மாள், முகப்பேர்ப் பக்கம் தாய் மூகாம்பிகை, போரூரில் ஸ்ரீராமச்சந்திரா ஆகிய தனியார் கல்லூரிகள் வந்ததும், இந்தத் திசையை நகரின் பல் மருத்துவக் கல்வி மையமாக்கிவிட்டன. கல்லூரிக்குப் பயிற்சி பெற நோயாளிகள் தேவை, நோயாளிகளுக்குக் குறைந்த கட்டணம் தேவை. இந்தப் பரிமாற்றத்தின் வழியாகவே முறைப்படி எடுத்த தாடைப் பொருத்தம் இவ்வட்டாரத்துச் சாதாரண முதியவரின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

அங்கே நடப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாகவே தோன்றும். அச்சிலிருந்து வார்த்த மாதிரியின்மேல் தட்டு செய்து, அதன் விளிம்பில் சிவப்பு மெழுகால் லாட வடிவக் கட்டை ஒன்று எழுப்புவார்கள்; இது இன்னும் வராத பற்களுக்காக இடம் பிடித்து நிற்பது. மேல் மெழுகுக்கட்டையின் மட்டம், மூக்கிறகிலிருந்து காதின் முன்மடல் வரை செல்லும் கற்பனைக் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மூக்கு நுனியிலும் மோவாயிலும் பேனாவால் புள்ளி வைத்து, நோயாளியை ‘அம்மா’ என்று சொல்லச் சொல்வார்கள். மகர ஒலியில் உதடுகள் சேர்ந்து அடங்கும்போது தாடைத் தசைகள் தளர்ந்திருக்கும் நிலையே ஓய்வுநிலை எனப்படுகிறது. அந்த நிலையின் அளவைக் கவராயத்தால் எடுத்து, அதிலிருந்து 2 முதல் 4 மில்லிமீட்டர் குறைத்தால் கடிக்கும் உயரம் கிடைக்கும். இந்த இடைவெளியை விடாமல் உயரத்தைக் கூட்டிவிட்டால், பேசும்போதெல்லாம் பற்கள் தட்டிச் சத்தமிடும், ஈறு வலிக்கும். குறைத்துவிட்டால் மோவாய் மூக்கை நோக்கி ஏறி முகம் கிழடு தட்டிவிடும். கடைசியாக, நாக்கை மடித்து அண்ணத்தின் பின்புறத்தைத் தொட்டபடி மெல்ல வாயை மூடச் சொல்லி, மருத்துவரின் விரல்கள் மோவாயை வலிந்து தள்ளாமல் பின்னோக்கி வழிநடத்த, மெழுகில் முன்பே வெட்டிய பள்ளங்களில் மைய நிலை பதிவாகிறது. பல்லில்லாமல் பல ஆண்டுகள் முன்பக்கமாகவே மென்று பழகிய முதியவர், சொல்வது புரிந்தும் தாடையை முன்னே கொண்டுவந்துவிடுவார். ஒருமுறைக்கு நான்குமுறை பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

இத்தனை அக்கறையோடு தேடப்படும் அந்த மைய நிலை எது என்பதிலேயே கருத்து மாறியிருக்கிறது என்பது வியப்பானது. மூட்டுக் குழிக்குள் எலும்புத் தலை மிகவும் பின்தள்ளி நிற்பதே மைய நிலை என்று தலைமுறைகளாகப் பாடம் சொல்லப்பட்டது. செயற்கைப் பல் மருத்துவச் சொற்களுக்கான அமெரிக்கக் கலைச்சொல் தொகுப்பின் 1987 பதிப்பு அதை மாற்றி, எலும்புத் தலை முன்னும் மேலுமாக, குழியின் முன்சரிவை ஒட்டி நிற்பதே மைய நிலை என்றது. வரையறை பின்னிருந்து முன்னுக்கு வந்த பிறகும் மாணவர் செய்யும் கைவேலை அப்படியே இருப்பதைக் கொண்டு, அந்த வரையறை கைக்கு வழிகாட்டவில்லை, கை செய்வதற்குப் பின்னால் வந்து விளக்கம் சொன்னது என்று முடிவு செய்வதே பொருத்தம்.

கருவியின் நிலையும் ஏறத்தாழ அதுவே. முதுநிலை மாணவர் ஃபேஸ்போவும் ஹனாவ் கருவியும் கொண்டு செய்ய, இளநிலை மாணவர் சராசரி அளவுகளை நிலையாகப் பொருத்திய எளிய ஆர்ட்டிகுலேட்டரில்தான் பற்களை அடுக்குகிறார். இது ஏழ்மையின் சமரசம் என்று சிலர் கருதுவதுண்டு; ஆனால் மாண்ட்ரியலில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒப்பாய்வில், ஃபேஸ்போ முதலிய விரிவான படிகளோடு செய்த பல்செட்டுக்கும் அவற்றைக் குறைத்து எளிய முறையில் செய்ததற்கும் இடையே நோயாளிகளின் திருப்தியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பூந்தமல்லிச் சாலைக் கல்லூரிகள் எளிய கருவியைக் கொண்டு சாதாரண நோயாளிக்குச் செய்யும் வேலை இரண்டாந்தரமானது அல்ல. இரண்டாம் ஆண்டு பி.டி.எஸ். செய்முறைத் தேர்வில் மாணவர் மெழுகுத்தட்டில் பல் அடுக்கிக் காட்டும் அந்தச் சிறு கருவியின் அளவுகளுக்கு அடிப்படை, 1858-இல் பான்வில் கணக்கிட்ட 4 அங்குல முக்கோணமே.