யுவான் சுவாங் பார்த்த காஞ்சி

ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாடு போன்ற ஊர்களில் வாழும் மலையாளி மக்களிடம் ஒரு வாய்மொழி மரபு உண்டு: முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த காரைக்காட்டு வேளாளர்கள் என்பதே அது. அவர்கள் தாயூராகக் கொண்டாடும் அந்த நகரத்தை, ஏழாம் நூற்றாண்டில் ஒரு சீனத் துறவி நேரில் கண்டு எழுதி வைத்தார்.

யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தது கி.பி. 640 வாக்கில். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் காலம் அது.

நகரின் சுற்றளவு 30 லீ என்று சீன அளவில் குறித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த விகாரங்கள், பதினாயிரம் பிக்குகள், எண்பது அளவில் தேவர் கோயில்கள், ஏராளமான சமணர்கள் என்று அவர் கணக்கு நீள்கிறது. வளமான மண், கல்வியைப் போற்றும் நேர்மையான மக்கள் என்றும் பாராட்டினார். நாளந்தாவின் பேராசான் தர்மபாலர் பிறந்த ஊர் என்பது அவருக்குத் தனிப் பெருமை. மன்னன் மகளுடன் நிச்சயித்த திருமணத்தைத் துறந்து தர்மபாலர் துறவு பூண்ட கதையையும் பதிவு செய்தார்.

இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற நினைத்தவரை, பஞ்சத்துக்கும் கலகத்துக்கும் தப்பி அங்கிருந்து வந்த பிக்குகள் தடுத்துவிட்டார்கள்.

கயிலாசநாதர் கோயிலை அவர் பார்த்திருக்க முடியாது. பல்லவ மன்னன் இராஜசிம்மன் அதை எழுப்பியது அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான். அவர் எண்ணிய விகாரங்கள் இன்றில்லை. காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த நின்ற புத்தர் சிலை சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சமணர் வழிபாடோ காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் இன்றும் தொடர்கிறது.