பிராட்வே வெஸ்லி ஆலயம்

சென்னை உயர்நீதிமன்றத்திற்கு எதிரே தொடங்கி வடக்கு நோக்கி இராயபுரத்துத் திசையிற் செல்லும் பிராட்வே வீதியில், வெஸ்லியன் மிஷனாரால் கட்டப்பெற்று 1822-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெதடிஸ்த ஆலயம். அம்மிஷனார் இராயப்பேட்டையில் 1819-இல் திறந்த ஆலயத்திற்கு இது மூன்றாண்டு இளையது.

ஆலயத்திற்கு முன்னரே அது நிற்கும் வீதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அக்காலத்தில் கறுப்பர் நகரம் என்றும், 1906-க்குப் பின் ஜார்ஜ் டவுன் என்றும் வழங்கலான இப்பகுதி, முத்தியாலுப்பேட்டை, பெத்துநாய்க்கன்பேட்டை என இரு கூறாய்ப் பிரிந்திருக்க, இடையே கிடந்த சாக்கடைப் பள்ளத்தைத் தூர்த்து வீதியாக்கியவர், 1795-இல் காலமான ஸ்டீபன் பாப்பம் என்னும் வழக்கறிஞர். 'பாப்பம்ஸ் பிராட்வே' என்ற பழம்பெயர் அவர் நினைவாக எழுந்ததே.

சென்னைக்கு மெதடிஸ்த சபை வந்த மார்க்கம் சற்று விசித்திரமானது. 1813-ஆம் ஆண்டின் சாசனத்தால் கும்பினியார் ஆட்சியில் மிஷனரிகளுக்கு வழி திறந்தது; கீழ்த்திசைக்குத் தோழர்களோடு புறப்பட்ட மெதடிஸ்த மிஷன் முன்னோடி தாமஸ் கோக் 1814-இல் நடுக்கடலிலேயே மரணமடைந்தார்; எஞ்சியோர் இலங்கையிற் கரையிறங்க, அவருள் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த ஜேம்ஸ் லிஞ்ச் என்பவரே 1817-இல் சென்னைக்கு வந்து பணியைத் தொடங்கினார். ஆகவே சென்னை மெதடிஸ்த சபையை யாழ்ப்பாணச் சபையின் தங்கை எனல் பொருந்தும். 1820-இல் வந்த வெஸ்லியன் மிஷனரி எலைஜா ஹூல், தாம் ஏறிவந்த 'தஞ்சாவூர்' என்னும் கப்பல் இடிவிழுந்து எரிந்ததால் புத்தகங்களையெல்லாம் இழந்து, வெறுங்கையராய் வந்து தமிழ் கற்றவர். வேதாகமத் திருத்தப் பணியிலும் பின்னர் ஈடுபட்டார். பிற்காலத்தில் திருக்குறளை ஆங்கிலமாக்கிய ஜி. யு. போப்பும் 1839-இல் வெஸ்லியன் மிஷனரியாகவே சென்னைக்கு வந்தார் என்பதைப் பலர் அறியார். ஆங்கிலிக்கன் சபையிற் சேர்ந்தது அதன் பின்னரே.

இத்தகைய ஆலயத்தைக் குறிக்கும் பெயரிலும் ஒரு பேதம் உண்டு. இங்கிலாந்தில் அரசாங்க மதத்தைச் சார்ந்த ஆலயம் 'சர்ச்' எனவும், அதனின்று பிரிந்தோர் கூடுமிடம் 'சாபல்' எனவும் வேறு பிரித்துச் சொல்லப்படும். மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி இறுதிவரை ஆங்கிலிக்கன் குருவாகவே வாழ்ந்து 1791-இல் மறைந்தவராயினும், அவர் வழிவந்தோர் தனிச்சபையாய்ப் பிரிந்தமையால், அவர்தம் கட்டடத்திற்கு இந்த இரண்டாம் பெயரே உரித்தாயிற்று. தமிழனுக்கோ இரண்டும் கோயில்தான். கடல் கடந்து வந்த பேதத்தை நம் மொழி பொருட்படுத்தவில்லை. வழிபாட்டிலோ, அலங்காரத்தினும் பிரசங்கத்தையும், ஜான் வெஸ்லியின் தம்பியும் பாடலாசிரியருமான சார்லஸ் வெஸ்லியின் காலமுதல் வந்த கூட்டுப் பாடலையும் பிரதானமாகக் கொள்வது மெதடிஸ்த மரபு.

1947 செப்டம்பர் 27-இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது, பிரிட்டிஷ் மிஷன் வழிவந்த மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கரும் ஏனையோரும் ஒன்றாயினர். 'சர்ச்', 'சாபல்' என்ற வேற்றுமையும் அத்துடன் பொருளிழந்தது. அமெரிக்க மிஷன் வழிவந்த மெதடிஸ்தர் மட்டும் அவ்வைக்கியத்திற் சேராது தனித்தே நின்றனர். வீதியின் பெயர் பிரகாசம் சாலை என மாறிய பின்னும், ஆலயத்தைப் பிராட்வே என்னும் அடைமொழியோடே ஊரார் குறிப்பிடுகின்றனர்.