பப்பாளியில் ஆண், பெண், இருபால்



சில வருஷங்களுக்கு முன் மேனாம்பேட்டுப் பெரியவர் ஒருவர் கொல்லையில் கோ.7 பப்பாளி வைத்தார். பூ வந்ததும், "ஐயா, பாதிக்கு மேலே ஆணாப் போச்சு, வெட்டிட்டேன்" என்றார். போய்ப் பார்த்தேன். வெட்டியது ஆண் மரமல்ல, இருபால் மரம். மிச்சம் நின்றது எல்லாம் பெண். மகரந்தம் கிடைக்காமல் பூவெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. தப்பு அவருடையதல்ல, கன்று வைத்த அன்றே விளக்கிச் சொல்லாத என்னுடையது. அதனால் இன்று அந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

பப்பாளிக்குத் தாயகம் மத்திய அமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மூலம் பிலிப்பைன்ஸுக்கும், அங்கிருந்து மலாக்கா வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. நம் பாட்டன்மார் வளர்த்ததில் ஆண் தனி மரம், பெண் தனி மரம். விதை போட்டால் பாதிக்குப் பாதி ஆண். பூக்கும்வரை அடையாளம் தெரியாது. அதுவரை போட்ட எருவும் தண்ணீரும் பாதி வீண்.

1911-இல் பார்படோஸ் தீவிலிருந்து ஹவாய்க்கு ஒரு பப்பாளி விதை போயிற்று. 'சோலோ' என்று பின்னால் பெயர் பெற்ற அந்த ரகத்தில் ஆண் மரமே கிடையாது, பெண்ணும் இருபாலும்தான். இதன் காரணத்தை 1938-இல் ஹவாயில் ஸ்டோரியும் தென்னாப்பிரிக்காவில் ஹாப்மையரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். இருபால் பூவைத் தன் மகரந்தத்தாலேயே சேரவிட்டால், விதையில் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். ஆண் வராது.

இந்தக் கணக்கை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தது கோயமுத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தனது கோ.2 ரகத்தோடு ஹவாயின் 'சன்ரைஸ் சோலோ'வை ஒட்டுச்சேர்த்து 1983-இல் கோ.3 வெளியிட்டது. 1997-இல் கோ.7 வந்தது.

சரி, தோட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண் பூ நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பெண் பூ தண்டை ஒட்டி, அடி பருத்து நிற்கும். உள்ளே மகரந்தப் பை இராது. இருபால் பூவும் தண்டை ஒட்டியே வரும், ஆனால் ஒல்லியாக இருக்கும். இதழைப் பிரித்தால் நடுவில் சூல்பையும் சுற்றி மகரந்தப் பைகளும் தெரியும். அதன் காய் நீண்டு, உள்குழி சிறுத்து, சதை பருத்திருக்கும்.

கோ.3, கோ.7 போட்டால் குழிக்கு இரண்டு கன்று வையுங்கள். பூத்ததும் இருபாலை வைத்துக்கொண்டு பெண்ணை எடுங்கள். கணக்குப்படி ஒன்பது குழியில் ஒன்றில்தான் இரண்டுமே பெண்ணாக அமையும். கோ.2 போன்ற பழைய ரகமானால் 20 பெண்ணுக்கு ஓர் ஆண் அவசியம். எல்லா ஆணையும் வெட்டிவிடாதீர்கள்.

விதை எடுக்க, இருபால் பூ மொட்டாக இருக்கும்போதே காகிதப் பை கட்டிவிடுங்கள். கடும் வெயிலில், தண்ணீர் குறைந்தால், இருபால் பூவில் சூல்பை வளராமல் ஆண் பூ மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்துப் பயந்து மரத்தை வெட்ட வேண்டாம், பாசனத்தைக் கவனியுங்கள்.

பெரியவர் மறுபடி கன்று வைத்தார். இந்த முறை அரிவாளை எடுக்குமுன் பூவைப் பிரித்துப் பார்த்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.