பாடியதுதான் குற்றம்!

பெண்ணாடம், விருத்தாசலம் பக்கத்துக்காரர்களுக்குக் கூவாகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உளுந்தூர்ப்பேட்டை பக்கத்துக் கிராமம். சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா. ஊர் ஊராக வரும் திருநங்கைகள் அரவானை நினைத்துத் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாளே அதை அறுத்துவிட்டு அழுவார்கள்.

1871-க்குப் பிறகு இதே கோலத்தில் வட இந்தியத் தெருவில் ஒருவர் நடந்திருந்தால்? ஜெயில்!

அந்த வருடம் வெள்ளைக்கார அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு இரண்டாவதாக ஒரு பகுதி உண்டு. அது திருநங்கைகளுக்கானது (சட்டத்தில் இருக்கும் சொல்லை எழுதக் கூசுகிறது). குழந்தைக் கடத்தல், இயற்கைக்கு மாறான உறவு என்று சந்தேகம் வந்தாலே போதும்... பெயரும் சொத்தும் பதிவேட்டில் ஏறும். அப்புறம் பெண் உடை, நகை, ஆட்டம், பாட்டு எதுவும் கூடாது. வீட்டுக்குள் இருந்தாலும் தெருவிலிருந்து பார்க்கும்படி இருந்தால் குற்றம்! இரண்டு வருடம் வரை சிறை. உயில் எழுதவும், பிள்ளையைத் தத்தெடுக்கவும் முடியாது.

வடமேற்கு மாகாணம், அவத், பஞ்சாப்... இங்கெல்லாம்தான் இந்தப் பதிவேடு. சென்னை மாகாணம் இதில் தப்பியது. ஆனால், 1860-ல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு எல்லோருக்கும் பொது.

மொராதாபாத் பக்கம் கைராதி என்பவர் பெண் உடையில் பெண்களோடு உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டு போய் அரசு டாக்டரிடம் நிறுத்தி, உடம்பைச் சோதித்தார்கள். செஷன்ஸ் நீதிபதி 377-ல் தண்டித்தார். யாரோடு, எங்கே, எப்போது என்று எதுவுமே வழக்கில் இல்லை! 1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதைச் சொல்லித்தான் விடுதலை செய்தது. அப்போதும் நீதிபதி ஸ்ட்ரெய்ட், இந்த ‘அருவருப்பான பழக்கங்களை’ ஒழிக்க நினைத்த மொராதாபாத் அதிகாரிகளின் எண்ணத்தை மட்டும் மெச்சினார்.

சந்தேகமே சாட்சி என்கிற இந்தக் கூத்து இங்கே மட்டுமில்லை. 1953-ல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் போட்ட உத்தரவால், ஓரினச் சேர்க்கையாளர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அரசு வேலையிலிருந்து துரத்தப்பட்டார்கள்.

சரி, வெள்ளைக்காரன் போனதும் முடிந்ததா? சென்னையில் ஒரு திருநங்கையைத் திருட்டுப் பழி சொல்லி போலீஸ் பிடித்தது. ஸ்டேஷனில் நடந்த பாலியல் கொடுமை தாங்காமல் அங்கேயே தீக்குளித்தார். 2007-ல் உயர் நீதிமன்றம் அந்தக் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

2014-ல் திருநங்கைகளை மூன்றாம் பாலினமாக ஏற்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கைராதியின் பெயர் வருகிறது. 130 வருடம் கழித்து, 377 எப்படி வதைக் கருவியானது என்பதற்கு உதாரணமாக! 2018 செப்டம்பர் 6-ல், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை 377-லிருந்து அதே நீதிமன்றம் விலக்கியது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை.