சுமையும் வலுவும்: மடிக்கணினி வரலாறு உணர்த்தும் உண்மை

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட கரையோரப் பெருந்தெருவில் நாள்தோறும் பேருந்தேறி ஒலுவில் வளாகத்துக்கு வரும் மாணவர் பலராவர். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1996 இல் முழுநிலை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மடிக்கணினி இன்று இன்றியமையாத கற்றற் கருவியாகிவிட்டது. அதனை வாங்க முனைவோர்முன் எழும் வினா, எடை குறைந்ததைத் தெரிவதா, வலு மிக்கதைத் தெரிவதா என்பதாகும். இவ்வினா புதியதன்று. இக்கருவியின் வரலாறு முழுவதிலும் இதுவே ஊடுருவி நிற்கின்றது.

1981 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒஸ்போண் 1 என்னும் கணினி ஏறத்தாழ 11 கிலோகிராம் எடையுடையது. ஐந்து அங்குலத் திரை கொண்ட அப்பெட்டியைத் தூக்கிச் செல்லலாம். ஆயின் சென்றடைந்த இடத்தில் மின்சாரம் இருத்தல் வேண்டும். 1982 இல் வந்த கிரிட் கொம்பஸ், திரையை மடித்து மூடும் அமைப்பினாலும் மக்னீசிய உறையினாலும் எடையை ஏறத்தாழப் பாதியாக்கியது. அதன் விலையோ 8,150 டொலர். விண்வெளி ஓடத்திற் பயன்பட்ட அக்கருவி சாதாரண மக்களின் கைக்கு எட்டாததாயிற்று.

இவற்றுக்கு மாறான வழியைக் காட்டியது 1983 இல் வந்த டிஆர்எஸ்-80 மொடல் 100. எட்டு வரிகளே தோன்றும் திரை. நான்கு சிறு மின்கலங்கள். எடை ஒன்றரைக் கிலோகிராமுக்கும் குறைவு. வலுவில் எளியதாயினும், ஏறத்தாழ 20 மணிநேரம் இயங்கியமையாற் செய்தியாளர்கள் அதனை விரும்பி ஏற்றனர். எழுதுவதும், எழுதியதைத் தொலைபேசி வழியே அனுப்புவதுமே அவர்தம் தேவை. அத்தேவைக்கு அது போதியதாயிருந்தது.

அப்பிள் நிறுவனத்தின் அனுபவமும் ஈண்டு நோக்கத்தக்கது. 1989 இல் அது வெளியிட்ட மக்கின்ரோஷ் போட்டபிள் 7 கிலோகிராமுக்கு மேற்பட்டது. 1991 இல் வந்த பவர்புக் 100, அதே வகைச் செயலியைக் கொண்டிருந்தும் 2.3 கிலோகிராமே இருந்தது. நெகிழ்வட்டு இயக்கி வெளியே மாற்றப்பட்டது, மின்கலவடுக்குச் சிறிதாக்கப்பட்டது, அதனால் இயங்கும் நேரமும் குறைந்தது. 2008 இல் 1.36 கிலோகிராமில் வந்த மக்புக் எயார், இறுவட்டு இயக்கியைத் துறந்தே மெலிந்தது. எடை குறையுந்தோறும் ஏதோவொன்று இழக்கப்பட்டதை இவை காட்டுகின்றன.

2020 இல் வந்த எம்1 செயலி, விசிறியின்றியே விரைவாக இயங்கி இம்முரண்பாட்டைப் பெரிதுந் தணித்தது. எனினும் முற்றாக நீக்கவில்லை. செயலி உட்கொள்ளும் மின்சாரம் வெப்பமாகின்றது. நெடுநேரக் கடும் பணியில் அவ்வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் உலோகத் தகடுகளும் வேண்டும், அவையே எடையாகின்றன. 60 வாற்று-மணி மின்கலவடுக்கு, 10 வாற்று நுகரும் கருவியை ஆறு மணிநேரம் இயக்கும். 45 வாற்று நுகர்வதை எண்பது நிமிடங்களே இயக்கும்.

இக்கணக்கின் பொருளை இலங்கை மாணவர் 2022 இல் உணர்ந்தனர். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டது. ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், சில வாரங்களில் 360 ரூபாவை அணுகிற்று. மின்சாரமற்ற பொழுதில், வலு மிக்க கருவி விரைவில் அணைந்துவிட, எளிய கருவி எழுதுவதற்கு உதவும். மற்றொரு கருவி வாங்குதலோ பல குடும்பங்களுக்கு இயலாததாயிற்று.

ஆகவே, எது சிறந்தது எனப் பொதுவாக வினவுவதிற் பயனில்லை. கட்டுரை எழுதவும் நூல் படிக்கவும் கருவி வேண்டும் கலைப்பீட மாணவருக்கு, எடை குறைந்து நெடுநேரம் இயங்குவதே ஏற்றது. நிலப்படத் தரவுகளைக் கையாளும் புவியியல் மாணவரும், காணொளி தொகுப்போரும் சுமையைப் பொறுத்தேனும் வலுவை நாடுதல் தகும். பெற்றோர் நான்காண்டுகளுக்கு ஒருமுறையே ஈயக்கூடிய பணம் இது. விளம்பரம் கூறும் வேகத்தைக் காட்டிலும், மின்சாரம் இல்லாத இடத்தில் நாம் செய்யவேண்டிய பணி யாது என்பதே தெரிவின் அளவுகோலாதல் வேண்டும்.