ஆத்தும ஈடேற்றமும் சமபந்தியும்: மதுரைச் சீமையில் மீட்புக் கருத்தின் வரலாறு

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் போகும் வழியில், பழனி மலையடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. கொடைக்கானல் மலைச்சாலை பிரிவதும் இந்தப் பக்கத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வத்தலக்குண்டில் ஒரு நிலையமும் பெரியகுளத்தில் ஒரு நிலையமும் இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர் இது. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று கத்தோலிக்கர் நிறைந்த ஊர்கள். தேனி தனி மாவட்டமானது 1997இல். முன்பு இவையெல்லாம் மதுரைச் சீமை. கிறிஸ்தவர்கள் சொல்லும் மீட்பு என்பதன் பொருள் தமிழ் மண்ணில் எப்படி மாறியது என்று தேடுகிறவர்களுக்கு இந்தச் சீமை நல்ல களம். நானூறு ஆண்டு வாதம் இங்கே நடந்திருக்கிறது. கோயிலுக்குள் நடந்ததை விட, சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது அதிகம்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கலாம். கிறிஸ்து யார் என்பதைப் பற்றி கி.பி. 325இல் நீசேயாவில் பேராயர்கள் கூடி வரையறை செய்தார்கள். ஆனால் அவர் மனிதரை எப்படி மீட்டார் என்பதற்கு ஆதித் திருச்சபையின் பொதுச்சங்கம் எதுவும் ஒரே விளக்கம் வகுக்கவில்லை. புதிய ஏற்பாட்டிலேயே பல படிமங்கள் உண்டு: அடிமையை விலை கொடுத்து விடுவித்தல், பகைவர் ஒப்புரவாதல், பலி, நோய் நீங்குதல், சாவை வெல்லுதல். சாத்தானின் பிடியிலிருந்து விடுதலை என்றே ஆதித் திருச்சபை ஆசிரியர்கள் பலரும் பேசினார்கள். 1098 வாக்கில் இறையியலாளர் அன்செல்ம், கடவுளின் மாண்புக்குப் பட்ட குறையை மனிதனாக வந்த கடவுளே ஈடுசெய்தார் என்று வாதிட்டார். விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்றார் சீர்திருத்தவாதி லூத்தர். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் 1547இல் அதற்கு மறுப்பு எழுதியது. ஐரோப்பாவின் இந்தச் சண்டைகள் அப்படியே கப்பலேறித் தமிழகக் கரைக்கு வந்தன.

வந்து சேர்ந்த இடத்தில் மக்களின் தேவை வேறாக இருந்தது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது, கடலில் போட்டியாளர்களிடமிருந்து போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. உயிரும் தொழிலும் தப்புவது முதல் மீட்பு. ஆத்தும மீட்பைப் பற்றிய பாடம் பின்னால் வந்தது. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். அவருக்குப் பின் வந்த அன்றிக்கே அடிகளார் கொல்லத்தில் 1578இல் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்றும் 1580இல் வந்தது. பாவத்தைச் சொல், செபத்தைச் சொல், மோட்சம் போ. அன்றைய மீட்பின் இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

மதுரைக்கு 1606இல் வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி இந்த இலக்கணத்துக்குத் தத்துவ உடை உடுத்தினார். காவி, சைவ உணவு, சமஸ்கிருதக் கல்வி என்று வாழ்ந்த அவர், 'ஆத்தும நிருணயம்' போன்ற நூல்களில் மறுபிறப்பை மறுத்து ஆன்மாவின் இயல்பைப் பற்றி வாதிட்டார். சாதி வழக்கங்களை விட்டுவிடாமலேயே ஒருவர் கிறிஸ்தவராகலாம் என்ற அவரது நிலையை, சில நிபந்தனைகளோடு, 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஏற்றார். விளைவு என்ன? 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனி வகைத் துறவியர் உயர்சாதி அல்லாதவர்களுக்காக வேலை செய்தார்கள். ஆத்துமாவுக்கு ஒரே மோட்சம் என்று நூல் சொன்னது. அதைப் போதிக்கும் சாமியாரோ சாதிக்கு ஒருவர். நொபிலியின் அறிவுத்திறனைப் பாராட்டலாம். அவர் விட்டுவைத்த இந்தக் கேள்வியைப் பாராட்ட முடியாது.

தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்கும் பின்வந்த லூத்தரன் போதகர்களும் விசுவாசத்தை முன்வைத்தார்கள். ஆனாலும் சாதி விஷயத்தில் அவர்களும் நீண்டகாலம் விட்டுக்கொடுத்தே போனார்கள். திருநெல்வேலிச் சீமையில் கதை வேறு மாதிரி திரும்பியது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஊராரின் துன்புறுத்தலுக்கு ஆளானபோது, அவர்களுக்கென்று 1799இல் நிலம் வாங்கி உருவாக்கிய குடியிருப்பே முதலூர். மீட்பு அங்கே தப்பியோட ஓர் ஊராக இருந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது தென்மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்ததை 'அரிசிக் கிறிஸ்தவம்' என்று கேலி பேசியவர்கள் அன்றும் உண்டு. பசித்தவனின் மீட்பில் சோற்றுக்கு இடமில்லை என்று சொல்ல யாருக்கு உரிமை?

மதுரையில் அமெரிக்கர்கள் வேலை தொடங்கியது 1834இல். அவர்களுடைய குருத்துவக் கல்லூரி 1842இல் திருமங்கலத்தில் ஆரம்பித்து, 1845இல் பசுமலைக்கு வந்தது. கொடைக்கானலில் அவர்கள் வீடு கட்டியதும் 1845இல்தான். தாழ்நிலத்துக் கொள்ளைநோய்களில் குடும்பங்கள் அடுத்தடுத்து இறந்ததால் குளிர்ந்த மலையைத் தேடினார்கள். அவர்களுடைய பிரசங்கம் நியூ இங்கிலாந்து எழுப்புதல் கூட்டங்களின் வாரிசு: ஒவ்வொருவரும் தனியே பாவத்தை உணர்ந்து, தனியே மனந்திரும்பி, தனியே இரட்சிக்கப்பட வேண்டும். ஆனால் கிராமத்தில் யாரும் தனியே சபைக்கு வரவில்லை. தெருவாக, உறவாக வந்தார்கள். தனிமனித இரட்சிப்பைப் பேசியவர்களின் பதிவேடு குடும்பம் குடும்பமாக நிரம்பியது.

1847இல் முடிச்சு இறுகியது. சாதியை உண்மையாகவே விட்டவர் யார் என்று அறிய மிஷன் ஒரு சோதனை வைத்தது. உபதேசியார்களும் சபையாரும் எல்லோருடனும் சேர்ந்து, யார் சமைத்தாலும், ஒரே பந்தியில் உண்ண வேண்டும். அன்பின் விருந்து என்பது அதன் பெயர். பலர் மறுத்தார்கள், வேலையை இழந்தார்கள், பசுமலையிலும் மாணவர்கள் வெளியேறினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1850இல், சென்னை மிஷனரி மாநாடும் இதே திசையில் தீர்மானம் போட்டது.

இந்தச் சோதனையில் அதிகார வாடை இருந்தது உண்மை. சம்பளம் கொடுப்பவன் 'சாப்பிடு, இல்லையேல் போ' என்றால் அது அன்பின் விருந்தா? வெளியேறியவர்கள் அத்தனை பேரும் சாதி வெறியர்கள் என்று முடிவுகட்ட முடியாது; வெள்ளைக்காரத் துரையின் கட்டளைக்குப் பணிய மனமில்லாதவர்களும் அதில் இருந்திருக்கலாம். ஆனாலும் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இது திருப்பம். மீட்கப்பட்டவன் என்பதற்கு அடையாளம் செபமோ பாவ அறிக்கையோ மட்டும் போதாது, யாரோடு உட்கார்ந்து உண்கிறான் என்பதும் வேண்டும் என்று ஒரு சபை எழுத்தில் வைத்தது.

முரணும் கூடவே இருந்தது. சாதி ஒழிப்பைத் திணிக்க வேண்டாம் என்று தஞ்சையில் இளைய மிஷனரிகளை எதிர்த்தவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் தொகுத்து 1853இல் அச்சிட்டார். பந்தியில் ஏற்க முடியாதவரைப் பாட்டில் ஏற்றார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் பேச்சு மீண்டும் உள்ளம் நோக்கித் திரும்பியது. பாளையங்கோட்டையில் பிறந்த இறையியலாளர் ஏ.ஜே. அப்பாசாமி, யோவான் சுவிசேஷத்தைத் தமிழ்ப் பக்தி மரபோடு சேர்த்து வாசித்தார். மோட்சம் என்பது கடவுளில் கரைந்துபோவதல்ல, அன்பினால் சித்தம் ஒன்றுபடுவது என்பது 1931இல் வெளியான அவருடைய நூலின் சாரம். அழகான கருத்து. ஆனால் பந்தியைப் பற்றிய கேள்வி அதில் பின்னுக்குப் போனது.

அதை மீண்டும் முன்னால் இழுத்தவர்களில் லெஸ்லி நியூபிகின் ஒருவர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான அன்று, 37 வயதில் மதுரை–இராமநாதபுரத்தின் முதல் பேராயராக அபிஷேகம் பெற்றார். அமெரிக்க மிஷனின் பழைய சபைகள் அவர் பொறுப்பில் வந்தன. கிராம ஊழியர்களுக்காக அவர் முதலில் தமிழில் எழுதிய பாடமே, பின்னர் 1956இல் ஆங்கிலத்தில் 'பாவமும் இரட்சிப்பும்' என்ற பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. மனிதன் இயற்கையோடும், சக மனிதனோடும், தனக்குள்ளேயும், கடவுளோடும் முரண்பட்டு நிற்கிறான் என்று அது தொடங்குகிறது. ஆக, மீட்பு என்றால் நான்கு முறிவுகளும் கூடுவது. உலக இறையியல் வட்டாரத்தில் வாசிக்கப்பட்ட ஒரு நூலுக்கு முதல் வாசகர்கள் தமிழகக் கிராமத்து ஊழியர்கள் என்பதை நம்மவர்களே அதிகம் பேசுவதில்லை.

அவருக்கும் கேரளத்து இறையியலாளர் எம்.எம். தாமஸுக்கும் 1970களின் தொடக்கத்தில் நடந்த விவாதமும் இதே இடத்தைத் தொட்டது. மனிதரை மனிதராக்கும் போராட்டமும் மீட்பின் பகுதி என்றார் தாமஸ். ஒத்துக்கொண்ட நியூபிகின், கிறிஸ்துவின் பெயரால் கூடும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு சமூகம் இல்லாமல் அது முழுமையாகாது என்றார். 1972 டிசம்பர் இறுதியில் பாங்காக்கில் உலகத் திருச்சபை மன்றம் 'இன்று மீட்பு' என்று மாநாடே நடத்தியது. கத்தோலிக்கத் தரப்பில், திருச்சபைக்கு வெளியே இருப்பவருக்கும் மீட்பு கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964லேயே சொல்லிவிட்டது.

மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இந்தச் சரடு உள்ளூர் மொழி பேசியது. அங்கே ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டு கட்டியவர், 'ஒரு உலை' என்றே தன் இறையியலை அழைத்தார். சேர்ந்து பொங்கி, சேர்ந்து உண்ணாத இடத்தில் விடுதலை இல்லை என்பது அவர் வாதம். 1847இல் துரைமார் கட்டளையாகச் சொன்னது, இங்கே தலித் கிறிஸ்தவன் ஒருவனின் உரிமைக்குரலாக வந்தது. இரண்டும் ஒன்றல்ல.

அந்தக் குரலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. கிறிஸ்தவத் தலித்துகளுக்குப் பட்டியல் சாதி நிலை 1950இன் குடியரசுத் தலைவர் ஆணையால் மறுக்கப்பட்டே நிற்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் உள்ள ஊர்களும் தமிழகத்தில் உண்டு.

அமெரிக்க மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் மிஷனரிகளின் பக்கத்தைச் சொல்பவை. அன்றைய பந்தியில் உட்கார்ந்தவர்கள், எழுந்து போனவர்கள் ஆகியோரின் வழித்தோன்றல்கள் வத்தலக்குண்டு முதல் கம்பம் வரை வாழ்கிறார்கள். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி, பெரியகுளம் பகுதிச் சபை மூப்பர்களும் கல்லூரி மாணவர்களும் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த நினைவுகளைக் கேட்டு இப்போதே பதிவு செய்ய வேண்டும்.